தவமணியின் பின்னால் வந்த வீடு

மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, ஆல்டன்மூல் என்ற பழைய ஊரின் மதிலை ஒட்டி நானூறு வருஷமாக நின்றுகொண்டிருந்த மரச்சட்ட வீடு ஒன்று, வாசற்படியோடும் ஓட்டுக்கூரையோடும் பச்சை வண்ணம் அடித்த மூன்று சன்னல்களோடும் தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, மழையில் போய்க்கொண்டிருந்த இரண்டு சைக்கிள்களின் பின்னால் நடக்கத் தொடங்கியது. அது ஏன் நடந்தது என்று அந்த ஆற்றங்கரை ஊர்களில் இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு வேகத்தில் வந்தது, சைக்கிள் பாதையில் வந்ததா கார் பாதையில் வந்ததா, முச்சந்தியில் யாருக்கு வழிவிட்டது என்பதைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

முன்னால் போன சைக்கிள் பிலோமினாவுடையது, இரண்டாவது சைக்கிள் தவமணியுடையது. இருவரும் நர்சுகள். பிலோமினா தூத்துக்குடிக்காரி, இருபத்தாறு வயது. தவமணி சாத்தூர்க்காரி, நாற்பதைத் தொட இரண்டு வருஷம் இருந்தது. ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை வருஷமாக, ஆஸ்பத்திரி விடுதியில் ஆளுக்கோர் அறையில் இருந்தார்கள். தவமணியின் அறை பதினான்கு சதுர மீட்டர். அந்தப் பதினான்கு என்ற எண்தான் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவளுடைய ஒரே மகள் நிறைமதி சாத்தூரில் சித்தி வீட்டில் இருந்தாள். மகளை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு பேர் வசிக்கப் போதுமான வீடு இருக்கிறது என்று தாய் காகிதத்தில் காட்டவேண்டும். அதுவும் அக்டோபரில் நிறைமதிக்குப் பதினாறு முடிவதற்குள் காட்டவேண்டும். அதற்குப் பிறகு மொழித் தேர்வு, சான்றிதழ், மறுபடியும் வரிசை என்று விதிகள் இறுகிவிடும்.

தவமணி அதுவரை பதினேழு வீடுகள் பார்த்திருந்தாள். பதினேழு வீட்டுக்காரர்களும் சிரித்த முகமாகக் கை குலுக்கி, அவள் நீட்டிய காகிதங்களை வாங்கிப் பார்த்து, நல்ல பிள்ளைகளைப்போல் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் மரியாதையான ஒரு கடிதம் வரும். ஒருவர் சமையல் வாசனையைப் பற்றி எழுதினார், ஒரு அம்மாள் மகள் சத்தமாகச் சிரிப்பாளா என்று கேட்டு எழுதினார், மற்றவர்கள் காரணமே எழுதவில்லை. புருஷன் போன பிறகு சாத்தூரிலும் அவளுக்கு யாரும் லேசில் வீடு கொடுத்ததில்லை. யார் வருவார்கள், எப்போது போவார்கள், தண்ணீர் எத்தனை குடம் என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் அவளைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கடைசியில் அவளுக்கு வீடுகளின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவள் வேலையும் அப்படிப்பட்டது. ஊசி போடுவதற்கு முன்னால் பெயரைப் பார், மருந்தைப் பார், நேரத்தைப் பார் என்று பதினைந்து வருஷமாகப் பார்த்துப் பார்த்து, கடையில் வாழைப்பழம் வாங்கினாலும் அவள் மூன்று தடவை திருப்பிப் பார்ப்பாள்.

பதினெட்டாவது வீடு விண்டலாவ் என்ற ஊரில் இருந்தது. சனிக்கிழமை சரியாக நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"ரயில்ல போனா வீடு மட்டுந்தான் பாக்கலாம்க்கா. சைக்கிள்ல போனா வழியில ரெண்டு பழைய ஊரையும் பாத்துட்டுப் போலாம்லா. கோட்டைச் சுவரு, மணிக்கூண்டு எல்லாம் இருக்காம்" என்றாள் பிலோமினா.

"மழை பெய்யும்னு போட்டிருக்கான், பிலோ."

"பெஞ்சா பெய்யட்டும். நாம என்ன உப்பா கரைய? உப்பளத்து ஊர்க்காரி நானே பயப்படல, கரிசல்காட்டுக்காரி உங்களுக்கென்ன?"

மழை பெய்தது. ஆல்டன்மூலுக்குள் நுழையும்போது கூழாங்கல் பதித்த தெருக்களில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. பிலோமினா பழைய மாவு ஆலையின் தண்ணீர்ச் சக்கரத்தைப் படமெடுக்க ஓடினாள். தவமணி மதிலோரத்துச் சந்தில் கடைசி வீட்டின் கீழே ஒதுங்கினாள். கூரையின் இறவாரம் ஒரு சாண்தான் நீட்டிக்கொண்டிருந்தது, தோள் நனைந்தது. கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அழைப்புமணிக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. ஹலோ, ஹலோ என்று இரண்டு முறை குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மழை வலுத்தது. உள்ளே ஒரு காலை வைப்பதென்று முடிவுசெய்தாள்.

வைப்பதற்கு முன்னால் குனிந்து ஷூக்களைக் கழற்றினாள். வீட்டில் ஆளில்லை, வீடு யாருடையதென்று தெரியாது, அவள் நிற்கப்போவதோ நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஒரே ஓர் அடி. இருந்தாலும் கழற்றினாள். கழற்றாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய அவளுடைய கால்களுக்குத் தெரியாது.

உள்ளே ஆப்பிள் வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் அடித்தன. பலகைத் தரை உள்ளங்காலுக்குக் கதகதப்பாக இருந்தது. ஆளில்லாத வீட்டின் தரை குளிர்ந்துதானே இருக்கவேண்டும், இது ஏன் சுடுகிறது என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் பழக்கதோஷத்தில் கண்ணாலேயே நீளம் அகலம் அளந்தாள். இரண்டு கட்டில் போடலாம், சன்னலோரம் ஒரு படிக்கிற மேசை போடலாம். அதற்குள் தெருவில் சைக்கிள் மணி அடித்தது.

"அக்கா! மழை கொறஞ்சிருக்கு, ஓடி வாங்க, ஓடி வாங்க!"

ஷூ இரண்டும் உள்ளே தண்ணீர் கட்டிக் கிடந்தன. வார்டில் போடும் ரப்பர் செருப்பு பையில் இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, ஷூக்களைக் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், மணி இன்னொரு தடவை அடிக்கவே அப்படியே ஓடிவிட்டாள்.

ஊரைத் தாண்டி ஆற்றங்கரைப் பாதையில் ஏறிக் கால் மணி நேரம் இருக்கும். பிலோமினாவின் சைக்கிளில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு.

"அக்கா, திரும்பிப் பாக்காதீங்க. நமக்குப் பின்னால ஒரு வீடு வருது."

"எந்த வீடு?"

"நீங்க ஒதுங்கி நின்னீங்கள்லா, அதே வீடுதான். பச்சைச் சன்னல்."

"எவ்வளவு தூரத்துல?"

"கூப்பிடு தூரம்."

தவமணி திரும்பிப் பார்த்தாள். வீடு எப்படி நடக்குமோ அப்படித்தான் அது நடந்துவந்தது. துணிமணி நிறைந்த பீரோவை மூலை மூலையாகத் தள்ளி நகர்த்துவதைப்போல, வலது மூலையை முன்னால் வைத்து, பிறகு இடது மூலையை வைத்து, மறுபடி வலது மூலையை வைத்து, அவசரமில்லாமல், நின்றுவிடாமல் வந்தது. அவர்கள் நின்றால் அதுவும் நின்றது. நின்றவுடன், நானூறு வருஷமாக அந்த இடத்திலேயே இருந்ததைப்போல் முகத்தை வைத்துக்கொண்டது. அவர்கள் மிதித்தால் அதுவும் கிளம்பியது.

"நமக்கு வேண்டாம்டி இந்த வம்பு. வேகமா மிதி" என்றாள் தவமணி.

"மிதிச்சா அதுவும் வேகமா வருது. மரியாதையான வீடாத்தான் தெரியுது, மோதல, ஹாரன் அடிக்கல."

"சும்மா வர்ற எதையும் நான் நம்ப மாட்டேன். இதுல என்னமோ இருக்கு."

பன்னிரண்டே காலுக்கு ரோட்டன்ஸ்டைக் வந்தது. அந்த ஊருக்குக் கோட்டை வாசல் உண்டு, வாசலுக்கு முன்னால் சிக்னலும் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இல்லை. இருவரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாக, வீடும் நின்றது. மழை அதன் கூரையிலிருந்து நான்கு பக்கமும் ஒழுகியது. சன்னல்களில் மெத்தையை வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றித் தெருவைப் பார்ப்பது அந்த ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். அன்றைக்கு எல்லாச் சன்னல்களிலும் முழங்கைகள் இருந்தன.

"சிவப்புக்கு நிற்கிறது பார்" என்றார் ஒருவர். "ஆல்டன்மூலிலிருந்து வருகிறவர்களில் முதல்முறையாக ஒருத்தர் சிவப்புக்கு நிற்கிறார்."

"கூரையைப் பாருங்கள், பாசி. எத்தனை வருஷமாகத் துடைக்கவில்லையோ" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"அதுவல்ல கேள்வி. அந்த இரண்டு பெண்களும் அதற்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி" என்றாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கிழவி.

பச்சை விழுந்தது. கோட்டை வாசல் குறுகலானது. வீடு சன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, கூரையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒருக்களித்து உள்ளே வந்தது. மதிலில் ஒரு சுண்ணாம்புத் துணுக்குக்கூட உதிரவில்லை. அதைப் பார்த்ததும் ஊருக்கு வீட்டின்மேல் இருந்த சந்தேகம் பாதி தீர்ந்தது. தீர்ந்த பாதியும் சேர்ந்து அந்த இரண்டு பெண்களின் மேல் போய் ஏறிக்கொண்டது.

போலீஸ்காரி வந்தாள். லாம்ப்ரெக்ட் என்று சட்டையில் பெயர் இருந்தது; உயரமானவள், குரலை உயர்த்தாதவள்.

"இந்த வீடு உங்களுடையதா?"

"இல்லை" என்றாள் தவமணி.

"பிறகு ஏன் உங்கள் பின்னால் வருகிறது?"

"தெரியாது."

"காரணமில்லாமல் ஒரு வீடு ஒருவர் பின்னால் வராது" என்றாள் லாம்ப்ரெக்ட். அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, மழை ஈரமானது என்று சொல்வதைப்போல் சொன்னாள். வசிப்பிட அட்டையை வாங்கி, தவமணியின் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதினாள். நான்கு மணிக்கு விண்டலாவில் வேலை இருக்கிறது என்று தவமணி சொன்னதையும் எழுதினாள். பிறகு வீட்டை ஒருமுறை சுற்றிவந்து, மழையில் பின்விளக்கு இல்லாமல் எதுவும் சாலையில் போகக்கூடாது என்று சொல்லி, இரும்புக்கடைக்காரரை அழைத்து, வீட்டின் முதுகில் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிடச் செய்தாள். அதன் பிறகுதான் போகவிட்டாள். சன்னல்களில் இருந்தவர்கள் தவமணியை அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார்கள். அவளுடைய பின்கழுத்து எரிந்தது.

"உங்களுக்கு ஏதோ மந்திரம் தெரியும்னு பேசிக்கிறாவ" என்றாள் பிலோமினா. "தெரிஞ்சா சொல்லுங்க, எனக்கும் ரெண்டு ரூம் வேணும். பால்கனி வச்சது."

ஊருக்கு வெளியே ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார்கள். எலுமிச்சை சாதம் ஆறிப் போயிருந்தது. வீடு கூப்பிடு தூரத்தில், உருளைக்கிழங்கு வயலின் ஓரம், நனைந்துகொண்டு நின்றது. பிலோமினா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள போனீங்கள்லா. எதையாச்சும்... கையில எடுத்துட்டு வந்தீங்களா?"

தவமணி டப்பாவை மூடினாள். பையைத் திறந்து பெஞ்சின்மேல் கவிழ்த்தாள். மழைக்கோட்டின் உறை, காகிதக் கோப்பு, மகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கு, தலைவலித் தைலம், தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டித் திரும்பவும் உள்ளே வைத்தாள்.

"ஐயோ, எதுக்குக்கா! நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"கேட்டுட்டல்ல. பாத்துக்கோ."

"எல்லாம் இருக்கு. ஷூ எங்க?"

தவமணி தன் கால்களைப் பார்த்தாள். வார்டு செருப்பு, வெள்ளை ரப்பர், முன்பக்கம் சேறு. "அடக் கடவுளே, அந்த வாசல்லயே விட்டுட்டேன். இந்தக் காலோட எப்படி வீடு கேக்கப் போவேன்?"

"அந்த வாசல்தான் இங்க வந்து நிக்குதே. போயி எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டாள் தவமணி. "கிட்ட மட்டும் போகாத. போலீஸ்ல பேரு எழுதியாச்சு, இன்னும் அதுல போயிக் கை வச்சோம்னா என்ன ஆகும்? ஷூ போனாப் போகுது."

போலீஸ் புத்தகத்தில் ஏறிய பெயர் எந்த அலுவலகம்வரை நடந்துபோகும் என்று யாருக்குத் தெரியும்? வீடு நடக்கிற ஊரில் பெயர் நடக்காதா? அதை நினைத்துக்கொண்டே மிதித்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. திராட்சைத் தோட்டங்களின் நடுவே பாதை ஏறியபோது வீடு பின்தங்கியது. இறங்கியபோது ஓடுகள் கலகலக்க வந்து சேர்ந்துகொண்டது.

மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்துக்கு விண்டலாவ் சந்தைத் தெருவில் நின்றார்கள். வீட்டுக்கார அம்மாள் சைட்லர் வாசலிலேயே குடையுடன் காத்திருந்தாள். இரண்டு அறை, தனிச் சமையலறை, தெற்கே பார்த்த சன்னல். தவமணி கோப்பை நீட்டினாள். அம்மாள் முதல் தாளைப் படித்தாள், தவமணியின் ரப்பர் செருப்பைப் பார்த்தாள், பிறகு அவளுடைய தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள்.

"உங்களிடம் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறதே."

"அது என்னுடையது இல்லை."

"அது அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை." அம்மாள் தாள்களை விளிம்பு பிசகாமல் அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். "எத்தனையோ பேர் வீடில்லாமல் அலைகிறார்கள். வீட்டோடு வருகிறவருக்கு நான் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?"

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பதினெட்டு.

தவமணி அப்படியே திரும்பினாள். காலையிலிருந்து எந்த வீட்டைக் கண்டு பயந்து மிதித்தாளோ, அந்த வீட்டை நோக்கி நேராக நடந்தாள். நடுத்தெருவில், குடை பிடித்த அத்தனை பேருக்கும் முன்னால், சாத்தூர்ப் பேச்சிலேயே அதை வைய ஆரம்பித்தாள்.

"ஏய், உனக்கு நான் என்ன பண்ணுனேன்? மழைக்கு ரெண்டு நிமிஷம் நின்னது ஒரு குத்தமா? நானா உன்னக் கூப்பிட்டேன்? வெத்தல பாக்கு வச்சு அழைச்சேனா? அவ ஒருத்தி கொடுக்குறதா இருந்தா, அதையும் கெடுத்துட்டியே! எம்பிள்ள அங்க நாள எண்ணிக்கிட்டுக் கெடக்கா. போ! போயிரு!"

வீடு போகவில்லை. திட்டு வாங்கிய பிள்ளையைப்போல் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தது. பின்னால் மருந்துக்கடைக்கும் குடைக்கடைக்கும் இடையில், பழைய காலத்தில் தீயில் போன ஒரு வீட்டின் இடம் வெறுமையாக இருந்தது. ஊரார் அங்கே சைக்கிள்களை நிறுத்துவார்கள். குடைக்கடைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு தன் சைக்கிளை எடுத்துக்கொண்டார், மற்றவர்களும் எடுத்தார்கள். வீடு பின்பக்கமாகவே உள்ளே போய், இந்தப் பக்கம் ஓர் அங்குலம் அந்தப் பக்கம் ஓர் அங்குலம் விட்டு, பெருமூச்சு விட்டு அமர்ந்தது.

நகராட்சியின் சனிக்கிழமை முறை எழுத்தர் ஃபோர்கெல் வந்து சேர்ந்தார். கையில் டேப்பும் பையில் படிவங்களும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னாலேயே, ரோட்டன்ஸ்டைக்கிலிருந்து சைக்கிளில் வந்த போலீஸ்காரி லாம்ப்ரெக்ட் இறங்கினாள். ஃபோர்கெலின் போன் அடித்தது. ஆல்டன்மூல் மேயர் பேசினார். பேசியது தெரு முழுக்கக் கேட்டது.

"எங்கள் வீடு திருடப்பட்டிருக்கிறது!"

"வீடு கதவு பூட்டாமல் தானாக வந்திருக்கிறது, ஐயா" என்றார் ஃபோர்கெல்.

"ஆசை காட்டி அழைத்துப்போனாலும் திருட்டுத்தான்!"

ஃபோர்கெல் போனை மூடிவிட்டு யோசித்தார். சந்தைத் தெருவே அவரோடு சேர்ந்து யோசித்தது. ஆசை காட்டினாள் என்று நிரூபணமானால் ஒரு நகல் போலீசுக்கும் ஒரு நகல் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போகவேண்டும் என்று அவர் லாம்ப்ரெக்டிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஜெர்மன் மொழியில் தவமணிக்கு எத்தனையோ வார்த்தைகள் இன்னும் பிடிபடவில்லை. அந்த அலுவலகத்தின் பெயர் மட்டும் எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னாலும் காதில் விழும். பதினான்கு சதுர மீட்டரும் போய்விடும் என்று நினைத்தாள்.

லாம்ப்ரெக்ட் வாசற்படியருகே குனிந்தாள்.

"இவை யாருடையவை?"

படியின் ஓரத்தில், மழை படாத மூலையில், ஒரு ஜோடி நீலநிற ஷூக்கள் இருந்தன. ஒன்று தொலைந்துபோகாமல் இருக்க இரண்டின் நாடாக்களும் சேர்த்து முடிச்சிடப்பட்டிருந்தன. உள்ளே செய்தித்தாள் கசக்கித் திணித்திருந்தது. லாம்ப்ரெக்ட் அதை உருவி விரித்தாள். அறுபது வருஷத்துக்கு முந்தைய தேதி. ஷூவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நன்றாகக் காய்ந்திருக்கிறது."

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் "ஓ" என்றது. அந்தப் பக்கத்து ஊர்களில் தெருவில் ஒரு கையுறை கிடந்தால் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். எடுத்துத் தூசி தட்டி, பக்கத்து வேலியின் கம்பியில் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் மாட்டிவைப்பார்கள். பெயர் தெரிந்தால் வீடுதேடிப் போய்க் கொடுப்பார்கள். ஆகவே அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசலில் ஒருத்தி ஷூவை மறந்துபோனாள், வீடு கொடுக்க வந்திருக்கிறது, அவ்வளவுதான். காலையிலிருந்து அவள்மேல் கனத்துக்கொண்டிருந்த பார்வைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு அம்மாள் அவளைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தாள்.

"மிக எளிது" என்றார் ஃபோர்கெல், மகிழ்ச்சியாக. "தொலைந்த பொருள், உரியவரிடம் சேர்ந்தது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள். வீடு திரும்பிப் போய்விடும். உங்கள்மேல் எதுவும் இல்லை."

"வாங்கிக்கோங்கக்கா" என்றாள் பிலோமினா காதருகில். "தப்பிச்சோம்னு போயிரலாம்."

தவமணி ஷூக்களைக் கையில் வாங்கினாள். நிம்மதி வந்தது, வந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு முள்ளும் வந்தது. இதுவும் அப்படித்தானா? அந்தப் பதினெட்டுப் பேரைப்போல இதுவும் மரியாதையாக வந்து, கொடுக்கவேண்டியதைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பத்தான் இவ்வளவு தூரம் நடந்ததா? உள்ளங்காலில் அந்தத் தரையின் கதகதப்பு இன்னும் இருந்தது. அவள் கதவைப் பார்த்தாள். காலையில் போலவே ஒரு கை அகலம் திறந்திருந்தது. கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கதவைச் சாத்திவைத்திருப்பார்கள். பெயர்ப்பலகை இருந்த இடத்தைப் பார்த்தாள், நான்கு துளைகள். கூரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஊசி போடுமுன் பார்ப்பதைப்போல மூன்று தடவை பார்த்தாள். எந்தத் தடவையும் தப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

"இவை என்னுடைய ஷூக்கள்தான்" என்று அவள் தன் உடைந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள். "ஆனால் இவை தொலையவில்லை."

ஃபோர்கெலின் பேனா நின்றது.

"நான் இவற்றைக் கழற்றி வைத்தேன். வீட்டுக்குள் போவதற்காக. எங்கள் ஊரில் வாசலில் ஒருத்தரின் செருப்பு இருந்தால், அவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். காலையில் நான் ஓர் அடிதான் உள்ளே போனேன். மிச்சம் இன்னும் போகவில்லை."

குனிந்து ஷூக்களைப் படியின்மேல், எடுத்த இடத்திலேயே, வாசலைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி வைத்தாள். ரப்பர் செருப்பையும் கழற்றி அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவைத் தள்ளி, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள்.

வீட்டுக்கார அம்மாள் சைட்லர் மாடிச் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஃபோர்கெல் படிவத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், படிமேல் இருந்த இரண்டு ஜோடிகளைப் பார்த்தார்.

"தொலைந்த பொருள் இல்லை என்றால் தொலைந்த பொருள் படிவம் செல்லாது" என்றார் லாம்ப்ரெக்டிடம். "புராதனக் கட்டடத்தை இருக்கிற இடத்திலிருந்து நகர்த்துவது குற்றம். இதுவரை யாரும் நகர்த்தவில்லை, அதுவாக நகர்ந்தது. இனி நாம் திருப்பி அனுப்பினால் அதுதான் நகர்த்தியதாக ஆகும்."

"ஆமாம்" என்றாள் லாம்ப்ரெக்ட் சிறிது யோசித்து. "மேலும் உள்ளே ஆள் இருக்கிறார்."

உள்ளேயிருந்து தவமணியின் குரல் வந்தது. "ஐயா, இது எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து, முத்திரை போட்டு எழுதித் தருவீர்களா?"

ஃபோர்கெல் டேப்பை எடுத்துக்கொண்டு படியேறினார். நிலைப்படிக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கியவர், தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். குனிந்து தன் கறுப்பு ஷூவின் நாடாவை அவிழ்த்தார். அவருக்குப் பிறகு சாட்சியாக லாம்ப்ரெக்ட் போகவேண்டியிருந்தது. அவளுடைய நீளமான பூட்ஸைக் கழற்ற நேரமாயிற்று, குடைக்கடைக்காரர் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார். பிறகு அவரும் கழற்றினார். மருந்துக்கடைக்காரி கழற்றினாள், இன்னும் மூன்று பேர் கழற்றினார்கள். பிலோமினா படியில் உட்கார்ந்து எண்ணினாள், ஒன்பது ஜோடிகள்.

"ஏக்கா, கல்யாண வீடு மாதிரி இருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

நாற்பத்தொன்றரை சதுர மீட்டர். இரண்டு பேருக்குப் போதும். ஃபோர்கெல் இரண்டு முறை அளந்தார், தவமணி மூன்றாவது முறை அளக்கச் சொன்னாள்.

சந்தேகம் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆல்டன்மூல் மேயரிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. விண்டலாவிலிருந்து மாதம் ஒரு பதில் போனது. மழை பிடித்தால் சந்தைத் தெருக்காரர்கள் சன்னலுக்கு வந்து, மருந்துக்கடைக்கும் குடைக்கடைக்கும் நடுவில் வீடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நகராட்சியில் வாடகைக்குக் கையெழுத்துப் போட்டு, பெயர்ப்பலகையை நான்கு திருகாணியால் முடுக்கிய பிறகும், தவமணி வீட்டின் நான்கு மூலைகளிலும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தாள். காலை டியூட்டிக்குப் போகுமுன் நான்கு கோடுகளையும் பார்த்துவிட்டுத்தான் போவாள். முதுகில் தொங்கிய சிவப்பு விளக்கைக் கழற்றலாமா என்று இரும்புக்கடைக்காரர் கேட்டு அனுப்பியபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில், பதினாறு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, நிறைமதி வந்தாள். அன்றும் மழை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு முன்னால் நின்றவள், சாய்ந்த கூரையையும் பச்சைச் சன்னலையும் மூலையில் இருந்த சாக்பீஸ் கோட்டையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். தாயைப்போலவே அவளும் எதையும் எளிதில் நம்பாதவள்.

"அம்மா, இது நெசமாவே நம்ம வீடா? கொஞ்ச நாள் கழிச்சுப் போயிராதுல்ல?"

தவமணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் எல்லாச் சன்னல்களிலும் முழங்கைகள் இருந்தன. வீடும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப்போல, ஓட்டிலிருந்து சொட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தது.

"மொதல்ல செருப்பக் கழட்டி வாசல்ல வை" என்றாள் தவமணி.